முதல்வர் அறைக்குப் பக்கத்து அறை

எங்கள் கல்லூரியில் மனநல ஆலோசனைக்கென்று ஓர் அறை திறந்தார்கள். எங்கே திறந்தார்கள் தெரியுமா? முதல்வர் அறைக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். வராந்தாவின் கடைசியில் கேமரா வேறு. இப்படி இடம் பார்த்துக் கொடுத்தவர்கள் ஒன்று விவரமே தெரியாதவர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ரொம்பவும் விவரமானவர்களாக இருக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் நம்பினேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பிறவியும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் இந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்தது. ஒருமுறை கருத்துப்பெட்டி வைத்தார்கள். பெயர் போட வேண்டாம், மனதில் பட்டதை எழுதிப் போடுங்கள் என்றார்கள். ஒரு சார் அதை நம்பி, கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிப் போட்டார். மறுவாரமே அவரைக் கூப்பிட்டு, "இதை நேரா வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்று சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை அவர் எங்களிடம் நடித்துக் காட்டியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் அவர் எங்களோடு இல்லை.

அப்புறம் மகிழ்ச்சிப் பயிற்சி என்று ஒன்று நடந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எங்களையெல்லாம் உச்சி வெயிலில் மைதானத்தில் நிறுத்தி, கையைத் தூக்கி "ஹா ஹா ஹா" என்று சிரிக்கச் சொன்னார். நிர்வாகத்து ஆட்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் குறைச்சலாகச் சிரிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களோ என்ற பயத்தில் நான் தொண்டை வலிக்கச் சிரித்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற இயற்பியல் டீச்சர் வாயை மட்டும் திறந்தாள், சத்தமே வரவில்லை. முழங்கையால் இடித்தேன். "சிரி, பாக்குறாங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அவள்தான் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி. என்னைவிடச் சில வயது சின்னவள். இரண்டு பேருக்கும் கடலூர் முதுநகர். கல்லூரியோ சிதம்பரம் பக்கம். காலையில் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகும். பஸ்ஸில் நான் அவளுக்கு அக்கா. கல்லூரி கேட்டைத் தாண்டிவிட்டால் மேடம். அவள் கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். அமைதியான மனுஷர், அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

கோடை விடுமுறையில் எங்களை அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள். பாடம் நடத்துகிற நாங்கள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "உங்க புள்ளைய எங்க காலேஜ்ல சேருங்க" என்று கேட்க வேண்டும். அந்த வருஷம் அவளுக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராமங்கள். மே மாத வெயிலில் அலைந்தாள், ஒரு பிள்ளைகூடக் கிடைக்கவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதற்கு முன்னாடியும் ஏதோ இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்துதான் அவள் பஸ்ஸில் பேச்சை நிறுத்தினாள். என் டிபன் டப்பாவிலிருந்து உரிமையோடு எடுத்துத் தின்கிறவள், நான் நீட்டினாலும் வேண்டாம் என்றாள். போர்டைப் பார்த்தபடி சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றுவிடுகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலை ஆலப்பாக்கம் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, காலைல எந்திரிக்கும்போதே ஏன்டா எந்திரிச்சோம்னு இருக்குது. நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுது."

"என்னாடி பேசுற" என்று அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்றிருந்தது. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் அவள் கணவரிடம் சொன்னேன். அவர் கடலூரில் எந்த டாக்டரிடமும் போகவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, வாரம் ஒருமுறை யாரிடமாவது முறையாக உட்கார்ந்து பேசவும் வேண்டும், அதை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாரா வாரம் பாண்டிச்சேரி போக லீவு யார் தருவார்கள்? அப்போதுதான் முதல்வர் அறைக்குப் பக்கத்து அறையை அவள் நினைத்தாள்.

"வேணாம்டி" என்றேன். "அது உளவு பாக்குற ரூம்பு. நீ அழுதா அந்தப் பக்கம் கேக்கும். மாத்திரை சாப்புடுறவ கிளாஸ் எடுக்கலாமான்னு கேப்பானுங்க."

"எங்கயாவது பேசணும்க்கா. இல்லன்னா செத்துருவேன்போல இருக்குது" என்றாள்.



செவ்வாய்க்கிழமைகளில் கடைசிப் பீரியட் முடிந்ததும் போவாள். அந்த அறைக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஆசிரியரோ பிள்ளைகளோ, கையில் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டுதான் போவார்கள். ஃபைல் இருந்தால் முதல்வரைப் பார்க்கப் போகிறோம் என்று அர்த்தம். முதல்வரைப் பார்க்கப் போவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. அவளும் காலி ஃபைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். அவள் அடுத்த பஸ்ஸில் வருவாள்.

கொஞ்ச நாளில் மாற்றம் தெரிந்தது. ஒரு காலையில் கேட்காமலே என் டப்பாவில் கையை விட்டு, "அக்கா, சட்னில உப்பு ஜாஸ்தி" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் மனசின் இன்னொரு மூலை சும்மா இருக்கவில்லை. இவ்வளவு நல்லது இந்தக் கல்லூரியில் சும்மா கிடைக்குமா? இதற்கு என்ன விலை கேட்கப் போகிறார்கள்? காத்திருந்தேன்.

வந்தது. துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, தேன் ஒழுகப் பேசியிருக்கிறார். "மேடம், உங்க ஹெல்த் பத்திக் கேள்விப்பட்டோம். நல்லா தூங்குறீங்களா? மாத்திரையெல்லாம் சாப்புடுறீங்களாமே. கொஞ்ச நாளைக்குக் கிளாஸ் வேணாம். எக்ஸாம் செல்லுல இருங்க, ரெஸ்டா இருக்கும்." அடுத்த வருஷம் வேலையில் தொடர வேண்டுமென்றால் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டியிருக்கும் என்றும் ஓரமாக ஒரு வார்த்தை.

இயற்பியலில் ஆராய்ச்சி செய்தவள், தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து விடைத்தாள் கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அந்தக் கவுன்சிலர்தான்க்கா. வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். அன்றோடு அந்த அறைக்குப் போவதை நிறுத்தினாள். அவள் மட்டும் இல்லை. விஷயம் எப்படியோ பரவி, பிள்ளைகளும் ஃபைலைக் கீழே வைத்துவிட்டார்கள். என் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "மேம், அங்க பேசுனா வீட்டுக்குச் சொல்லிருவாங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் வந்த வழியே திரும்பிப் போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். கவுன்சிலர் சின்னப் பெண், தெற்கத்திப் பக்கத்துக்காரி. உட்காரச் சொன்னாள்.

"உக்கார வரல. நீ யாருகிட்டம்மா சொன்ன?"

"யாரைப் பத்தி மேடம் கேக்குறீங்க?"

"தெரியாத மாதிரி நடிக்காத. செவ்வாக்கெழமையானா வந்தாளே, அவளப் பத்தி."

"யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு நான் யாருகிட்டயும் சொல்றதில்லை மேடம். இப்ப நீங்க வந்தீங்கன்னுகூடச் சொல்ல மாட்டேன்."

நல்லாப் பாடம் படிச்சு வெச்சிருக்கா என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அவள் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது கஷ்டம்னா, இங்கதான் வரணும்னு இல்லை. வேற எங்கேயாவது போகட்டும். பேசுறத நிறுத்த மட்டும் வேணாம்னு சொல்லுங்க." அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண் கலங்கித்தான் இருந்தது. கலங்கினால் என்ன, பொய் சொல்கிறவர்களுக்கும் கண் கலங்கும். அவளைச் சந்தேகப்பட்டதில் தப்பு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை. கருத்துப்பெட்டி வைத்த கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவளை எப்படி எடுத்த எடுப்பில் நம்புவது?

ஆனால் என் பக்கத்து சீட்டில் நடப்பதுதான் என்னை உலுக்கியது. என் டப்பாவுக்குள் அவள் கை வருவது நின்றது. பேச்சு மறுபடியும் நின்றது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்" என்பாள். பஸ் ஏதாவது பாலத்தில் ஏறினால்கூட என் கை தானாகப் போய் அவள் கையைப் பிடிக்கும். நான் என்ன, வாழ்நாள் முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடியுமா?

இந்தச் சமயத்தில்தான் என் மாமியார் தன்னை அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் என் மாமியார் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்தைத் தவறவிட மாட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அன்று அவருக்கு முட்டிவலி, துணைக்கு நான் போனேன். என் பக்கத்து சீட்டுக்காரி கிறிஸ்தவள், அவள் குடும்பத்தின் பங்குக் கோயில்தான் அது. ஜனம் வெளியே வரை நின்றது. உள்ளே நடப்பது தெருக்கோடி வரை கேட்கும்படி வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

ஜெபத்தின் நடுவில், விண்ணப்பம் சொல்கிறவர்கள் மைக்குக்கு வரலாம் என்றார்கள். ஒரு அம்மா மகனுடைய வேலைக்காகச் சொன்னார். ஒருவர் மூட்டு ஆபரேஷனுக்காகச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொண்டார்கள். மூன்றாவதாக மைக்கைப் பிடித்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கணவர்.

"என் வூட்டுக்காரிக்காக வேண்டிக்கோங்க" என்று ஆரம்பித்தார். "காலேஜ்ல டீச்சரா இருக்குது. தூக்கமே இல்ல. பாண்டில டாக்டரு மாத்திரை குடுத்துருக்காரு. காலேஜ்லயே ஒரு கவுன்சிலரம்மாகிட்ட போய்க்கினு இருந்துது, இப்ப அதுவும் போவ மாட்டேங்குது. அந்தோணியாரே, எம்புள்ளைங்களுக்கு அவுங்கம்மா வேணும்..." அதற்கு மேல் பேச முடியாமல் விம்மினார். அந்த விம்மல் குழாய் வழியாகத் தெருவெல்லாம் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். பாட்டுக் குழுவில், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றது எங்கள் கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா. தினமும் காலையில் முதல்வர் அறையில் காபியோடு ஊர்க் கதையைக் கொட்டுகிறவர். அவர் கண்ணில் வந்ததும் நிஜத் தண்ணீர்தான். அதுதான் கொடுமை.

"பாவம்" என்று என் மாமியார் காதில் கிசுகிசுத்தார். "இந்தப் புள்ள வாரா வாரம் வந்து இப்புடித்தான் அழுவுது."

வாரா வாரம்! அவள் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, காலி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பேசிய அதே செவ்வாய்க்கிழமைகளில், இவர் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஜெபம் முடிந்ததும் மெழுகுவத்தி ஏற்றுகிற இடத்தில் அவரை மடக்கினேன். "தம்பி, நீங்க என்னா காரியம் பண்ணிருக்கீங்க தெரியுமா?"

அவருக்கு முதலில் புரியவே இல்லை. "சாமிகிட்டதானக்கா சொன்னேன்."

"சாமிக்கு எதுக்குங்க ஸ்பீக்கரு?"

"நம்ம சனந்தானக்கா. காய்ச்சல்னா இங்கதான் சொல்றோம், ஆபரேஷன்னா இங்கதான் சொல்றோம். இதுவும் ஒரு நோவுதான? நாலு பேரு சேந்து வேண்டிக்கினா சீக்கிரம் கேக்கும்னுதான்..."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இதுவும் ஒரு நோய்தான். இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? ஊரில் இருக்கிற படித்தவர்களெல்லாம் மேடை போட்டுச் சொல்கிறதை இவர் உண்மையிலேயே நம்பிவிட்டார். ஆனாலும் விடவில்லை. பாட்டுக் குழுவிலிருந்து முதல்வர் அறைக்குச் செய்தி போன வழியை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போனது. "அவளுக்குத் தெரிய வேணாம்க்கா. தெரிஞ்சா என்ன மன்னிக்கவே மாட்டா" என்று கையைக் கூப்பினார்.

ராத்திரி முழுக்கப் புரண்டேன். சொல்லாவிட்டால் அவள் கவுன்சிலரைத் துரோகி என்றே நினைத்துக்கொண்டிருப்பாள், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். சொன்னால், இருக்கிற ஒரே ஆதரவான கணவர் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். எது போனால் அவள் தாங்குவாள்? கடைசியில், உயிரோடு இருந்தால்தானே மற்றதெல்லாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பஸ்ஸில், செம்மங்குப்பத்தில் சிப்காட் கெமிக்கல் நாற்றத்துக்கு எல்லாரும் வழக்கம்போல ஜன்னலை மூடிய நேரத்தில் சொன்னேன். "அந்தக் கவுன்சிலர் சொல்லல. உன் வீட்டுக்காரர்தான்..."

அவள் திரும்பவே இல்லை. "தெரியும்க்கா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"ஒரு செவ்வாக்கெழம அந்தப் பொண்ணு லீவு. நானும் முதல் பஸ்லயே வந்துட்டேன். தெரு முனைல எறங்குனா, ஸ்பீக்கர்ல அவரு கொரலு. மாத்திரை, தூக்கம், எல்லாம். ஒரு ஆட்டோவுக்குப் பின்னாடி நின்னுக்கினு முழுசாக் கேட்டேன். எச்.ஓ.டி. கூப்புடுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் ஏன்டி அந்தப் பொண்ணு மேல பழியப் போட்ட? நான் போய் அவளக் கண்டபடி கேட்டுட்டு வந்தேன்!"

"யாரு மேலயாவது சந்தேகப்படணும்ல." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணு மேல பட்டா ஒரு ரூம்புதான் போவும். அவரு மேல பட்டா வூடே போயிரும்க்கா. சாயங்காலமானா நான் எங்க போறது? எனக்காக அழுவுற மனுசன்கிட்டப் போய், உன்னாலதான்டா எல்லாம் போச்சுன்னு எப்புடிச் சொல்லுவேன்? சொல்லவும் முடியல, உள்ள வெச்சிக்கவும் முடியல. நெஞ்சு வெடிக்குது."

பஸ் ஆலப்பாக்கத்தில் நின்று பிள்ளைகளை ஏற்றியது. சத்தத்தில் நான் அவள் காதருகே குனிந்து சொல்ல வேண்டியிருந்தது. "அவருகிட்ட சொல்லாத. என்கிட்டயும் சொல்லாத, நான் போய் அவரோட சண்டை புடிச்சிருவேன். அதைச் சொல்றதுக்குத்தான்டி அந்த ரூம்பே. போய் அங்க சொல்லு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் என் பையை வைத்து இடம் போட்டேன். அவள் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பஸ் கிளம்பியது. அவள் அந்த அறைக்குத்தான் போயிருப்பாள் என்று ஒரு மனசு சொன்னது. போகாமல் வேறு எங்காவது போயிருந்தால்? "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு கேட்டருகே இறங்கினேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தது கேட்டது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த வயதில் மாடிப்படியில் ஓடினேன்.

வராந்தாவில் பாதி வரும்போதே அவள் குரல் கேட்டுவிட்டது. மூடிய கதவுக்குள்ளே அவள் தன் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அழுகையும் கத்தலுமாக, அவள் வாயில் நான் ஒருநாளும் கேட்டறியாத வார்த்தைகளாகப் போட்டுத் திட்டினாள். நல்லவேளை, பக்கத்து முதல்வர் அறை பூட்டிக் கிடந்தது. அப்பாடா. திட்டுடி, நன்றாகத் திட்டு. அதற்கு மேல் காதில் விழாதபடி மாடிப்படிப் பக்கமாகத் திரும்பி நடந்தேன்.

படியில், அன்று ஜெபத்துக்குப் போகாமல் ஏதோ வேலையாகத் தங்கிவிட்ட அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா கைப்பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் விரித்து வழியை அடைத்தாற்போல நின்றேன்.

"என்ன மேடம், இன்னும் போவலயா? மேல என்னா சத்தம்?" என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பஸ்ஸ விட்டுட்டேன்" என்றேன். "வாங்க, உங்களோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கினே நடக்குறேன்."

அவர் நம்பவில்லை. நான் அவர் கையைக் கோத்துக்கொண்டு, படியில் கீழே அழைத்துப் போனேன்.